வலென்சியாவில் நான்கு நாள்: வியாழக்கிழமையைப் பிடித்துக்கொண்டு திட்டமிடுங்கள்

முதல் தடவை ஸ்பெயினின் வலென்சியா போனபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் இறங்கினேன். ஊரின் பெரிய சந்தை பூட்டியிருந்தது. மறுநாள் அருங்காட்சியகம் போனால் அதுவும் பூட்டு, திங்கட்கிழமையாம். மாலை ஏழு மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ள, நல்ல உணவகம் என்று எழுதி வைத்திருந்த இடத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்குத்தான் அடுப்பு பற்றவைப்போம் என்றார்கள். கடைசியில் ஏதோ ஒரு சதுக்கத்தில், படம் போட்ட மெனுவைக் காட்டி, அந்த ஊரின் பேர்பெற்ற சோற்று உணவான பயேயா கேட்டேன். ஏழு நிமிடத்தில் வந்துவிட்டது. மஞ்சள் சோறு, நடுவில் பனி விடாத பட்டாணி.

இரண்டாவது தடவை மனைவியையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மா சுத்த சைவம், முட்டியில் வலி வேறு. அதனால் உட்கார்ந்து யோசித்து, ஒரு வியாழக்கிழமையை நடுவில் நட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டினேன். கீழே இருப்பது அந்தத் திட்டம்தான்: புதன் மாலை போய் இறங்கி, ஞாயிறு மாலை கிளம்புவது.

எந்த மாதம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நமக்குப் பழகியதுதான், ஆனால் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. பல நல்ல உணவகங்கள் ஆகஸ்டில் விடுமுறை விட்டுவிடும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இதமாக இருக்கும், ஆனால் மத்தியதரைக் கடலோரத்தில் திடீர்ப் பெருமழை கொட்டும் காலமும் அதுதான். 2024 அக்டோபர் 29-ஆம் தேதி பெய்த மழையில் அந்த வட்டாரத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் போனால் ஸ்பெயின் வானிலைத் துறையின் எச்சரிக்கையை தினமும் பாருங்கள். சிவப்பு என்றால் அறையை விட்டு நகர வேண்டாம்.

மார்ச் தனிக் கதை. அப்போது ஃபாயாஸ் திருவிழா. தெரு முனைகளில் மாடி உயரத்துக்குக் கேலிப் பொம்மைகள் செய்து நிறுத்தி, மார்ச் 19 இரவு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மாஸ்க்லெத்தா என்ற வெடி. அதில் வண்ணமோ வாணமோ கிடையாது, சத்தம் மட்டும்தான், தாளம் போட்டு ஏறிக்கொண்டே போகும். தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா வெடித்த நமக்கே நெஞ்சு அதிரும். பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் அறை வாடகை எகிறிவிடும், பேருந்துகள் பாதை மாறும், தூக்கம் கிடையாது. ஊரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தை விடுங்கள். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே அறை போட்டுவிடுங்கள்.

தக்காளி எறியும் திருவிழாவும் இந்தப் பக்கம்தான். ஆகஸ்ட் கடைசிப் புதன், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி புன்யோல் என்ற சிற்றூரில். டிக்கெட் வாங்காமல் உள்ளே விட மாட்டார்கள்.

விசா, வழி, அறை

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாடு சுற்றுவதானால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடிகிற அறையாகவே போடுங்கள்.

வலென்சியாவுக்கு இங்கிருந்து நேர் விமானம் இல்லை. மாட்ரிட் வந்து ரயில் பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஒரே தடத்தில் மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுவதால் முன்கூட்டி எடுத்தால் மலிவு. மாட்ரிடில் அதோச்சா வேறு, சமார்த்தீன் வேறு. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இரண்டு முறை பாருங்கள். பார்சிலோனாவிலிருந்து வந்தால் சுமார் மூன்று மணி நேரம்.

விமானத்தில் இறங்கினால் மெட்ரோ 3 அல்லது 5-ஆம் தடம் நேராக ஊர் நடுவுக்குக் கொண்டுவிடும். ஷாத்திவா அல்லது கொலோன் நிறுத்தத்தில் இறங்குங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது, டாக்சி தேவையே இல்லை. 24, 48, 72 மணி நேரச் சுற்றுலா அட்டைகளில் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாம் அடங்கும், விமான நிலைய மெட்ரோவும் சேர்த்து.

அறையைப் பற்றி ஒரே ஒரு யோசனை: ஷாத்திவா நிறுத்தத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய நகரம் ஒரு பக்கம், காபிக் கடைகள் நிறைந்த ருசாஃபா மறுபக்கம், எல்லாம் நடக்கும் தூரம். எல் கார்மென் பகுதி புகைப்படத்தில் அழகு, வெள்ளி சனி இரவுகளில் இரண்டு மணிவரை சன்னலுக்குக் கீழே பாட்டுக் கச்சேரி. சனிக்கிழமை பார்க்கப் போகும் கலை அறிவியல் நகரம் பக்கம் பெரிய ஹோட்டல்கள் உண்டு, ஆனால் இரவில் வெளியே வந்தால் அகலமான சாலையும் தெருவிளக்கும்தான் துணை.

அவர்கள் கடிகாரத்துக்கு மாறுங்கள்

நான் முதல் தடவை தோற்றது இதில்தான். காலை எட்டு மணிக்கு ஒரு காபி, ரொட்டி. பத்தரை மணிக்கு எஸ்மோர்சரெட். பெயருக்கு இடை உணவு, உண்மையில் ஒரு முழுச் சாப்பாடு. முழங்கை நீளத்துக்கு ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்கு ஆம்லெட்டோ இறைச்சியோ. பக்கத்தில் ஆலிவும் வேர்க்கடலையும். முடிவில் க்ரெமாயெட் என்ற காபி: சிறிய கண்ணாடித் தம்ளரில் ரம்மை, சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோலோடு கொளுத்தி எரியவிட்டு, அதன் மேல் காபி இறக்குவார்கள். பெயின்டர், பாங்க் மேலாளர் எல்லோரும் ஒரே மேசையில் இதை முடித்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. வார நாட்களில் ‘மெனு தெல் தியா’ கேளுங்கள்: இரண்டு வகைச் சாப்பாடு, இனிப்பு அல்லது காபி, எல்லாம் ஒரே விலையில். சிறிய கடைகள் இரண்டிலிருந்து ஐந்துவரை சாத்திவிடும். அந்த நேரம் நீங்களும் படுத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது.

சைவக்காரர்களுக்கு: ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடைக் கறியை, டுனா மீனை அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’, அதாவது இறைச்சி, மீன், பன்றித் தொடைக் கறி இல்லாமல் என்று மூன்றையும் சொல்லுங்கள். காய்கறி பயேயா எங்கும் கிடைக்கும், ஆனால் அதற்கு ஊற்றும் சாறு கோழியில் கொதித்ததாக இருக்கலாம். அந்தச் சாறு, அவர்கள் மொழியில் ‘கால்தோ’, காய்கறியில் செய்ததுதானா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வியாழன்: சந்தை, நீதிமன்றம், பழைய நகரம்

காலை எட்டு மணிக்கெல்லாம் மெர்காதோ சென்ட்ராலுக்குப் போய்விடுங்கள். 1928-இல் திறந்த சந்தை. இரும்பு, வண்ணக் கண்ணாடி, ஓடு எல்லாம் சேர்ந்து கோயில் மண்டபம் மாதிரி உயர்ந்து நிற்கும். கூரை உச்சியில் காற்றுத் திசை காட்டி சுழல்வது ஒரு கிளி. திங்கள் முதல் சனிவரை, மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் வரும். அதற்குமுன் போனால் கடைக்காரம்மா நின்று பேசுவார். பயேயாவில் போடும் கர்ரோஃபோ என்ற தட்டை வெள்ளை அவரையைக் கையில் எடுத்துக் காட்டி, நகத்தால் கீறி, எது பழையது எது புதியது என்று ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

சந்தைக்கு எதிரேயே லோன்ஹா, பட்டு வணிகர் மாளிகை. 1482-இல் கட்டத் தொடங்கியது. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி தூண்கள் மேலே போய்ப் பனையோலையாய் விரியும். அண்ணாந்து தூண்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். சுவரின் மேல்விளிம்பில் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளையும் பாருங்கள். பொய் பேசாமல், வஞ்சிக்காமல், வட்டிக்கு விடாமல் வியாபாரம் செய்பவன் செல்வமும் சேர்ப்பான், சொர்க்கமும் சேர்வான் என்று எழுதியிருக்கிறது. அதே கட்டடத்தின் கோபுரத்தில் கடனைத் திருப்பாத வணிகர்களுக்குச் சிறையும் வைத்திருந்தார்கள்.

பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய் முன்வரிசையில் நில்லுங்கள். இதற்காகத்தான் வியாழன். பன்னிரண்டு மணி அடித்ததும் கறுப்பு அங்கி போட்டவர்கள் வந்து, வாசலில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்காருவார்கள். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் தண்ணீர் நீதிமன்றம் இது. நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் இல்லை, அந்தந்த வாய்க்கால் பாசன விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகள். பித்தளைக் கொக்கிக் கோலைப் பிடித்த காவலர் ஒவ்வொரு வாய்க்கால் பெயராகக் கூவி, அந்த வாய்க்காலில் புகார் உண்டா என்று அழைப்பார். முறை தவறி மடை திறந்தவன், தண்ணீரை வீணாக்கியவன் என்று யாராவது இருந்தால் அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. எல்லாம் வாய்வழி, மேல்முறையீடு கிடையாது. அரபு ஆட்சிக் காலத்து வாய்க்கால்கள், அன்றிலிருந்து வரும் வழக்கம். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

நாங்கள் போன அன்று புகார் ஏதும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெளிநாட்டுத் தம்பதி, இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார்கள். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த அம்மாவுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. “வழக்கே இல்லைன்னா எல்லாருக்கும் தண்ணி சரியாப் பாஞ்சிருக்குன்னு அர்த்தம்டா. எங்க ஊர் நீர்பாய்ச்சி இவங்களைப் பாத்திருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.”

பண்டிகை விடுமுறை வியாழன்களிலும், கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரையும் கூட மாட்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டு தேதி போடுங்கள்.

பிற்பகல் பேராலயத்துக்குள். அகேட் கல்லில் செய்த ஒரு கிண்ணம் இங்கே இருக்கிறது. இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்தியது அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கத்து மணிக்கோபுரம் மிக்காலெட், 207 படி, சுழல் படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டு ஏறுங்கள். அம்மாவைச் சாந்தா காத்தலீனா ஒர்ச்சாத்தா கடையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஏறினோம்.

அவருக்குத்தான் நல்ல பங்கு கிடைத்தது. ஒர்ச்சாத்தா என்பது சூஃபா என்ற கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். நம் வயலில் களை என்று பிடுங்கி எறிகிறோமே கோரை, அதன் நெருங்கிய உறவு. துளி மாட்டுப் பால் கிடையாது, ஐஸ்போல் குளிர்ந்து வரும். கூட ஃபார்த்தோன் என்ற நீள பன்னைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மாலையில் நேரம் இருந்தால் தோஸ் ஆகுவாஸ் மாளிகையின் வாசலை மட்டுமாவது பாருங்கள். வெண்கல்லில் இரண்டு ஆண்கள் குடம் கவிழ்த்துச் சாய்ந்திருப்பார்கள், தூரியாவும் ஹூக்காரும். ஆறுகளை ஆண்களாகச் செதுக்கியிருப்பது நமக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

வெள்ளி: அல்புஃபேரா, பயேயா

பயேயா சாப்பிடும் நாள் இது. சனி, ஞாயிறு என்றால் உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே இறங்கிவிடும், அதனால் வெள்ளி. உணவகத்துக்கு முந்தின நாளே போன் செய்து மேசையும் சொல்லி, பயேயாவும் சொல்லிவிடுங்கள். ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் அவர்களே பேசித் தருவார்கள்.

ஊருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் அல்புஃபேரா ஏரி. அரபு மொழியில் ‘சின்னக் கடல்’ என்று பொருள். சுற்றிலும் நெல் வயல். மே மாதம் நடவு, செப்டம்பரில் அறுப்பு. கோடையில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, குளிர்காலத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிறுத்திக் கண்ணாடியாய்க் கிடக்கும். நகரப் பேருந்து 24 எல் பால்மார் கிராமம்வரை போகும். அடிக்கடி வராது. இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் திரும்பும் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயேயா என்பது முதலில் பாத்திரத்தின் பெயர். அகலமாய், தட்டையாய், இரண்டு காதோடு. வலென்சியாக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் அசல் பயேயாவில் கோழி, முயல், பச்சை பீன்ஸ், வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை. இறால் போட்டது வேறு ரகம், மோசமில்லை. சாரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆரஞ்சு மர விறகில் வைக்கிற இடமாகப் பாருங்கள், வாசலிலேயே மணம் தெரியும். குறைந்தது இரண்டு பேருக்குத்தான் வைப்பார்கள். சொல்லி அரை மணி நேரமாவது ஆக வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் என் ஏழு நிமிடச் சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் கேட்காதீர்கள், அது மதியச் சாப்பாடு.

சோறு ஒரு விரல் உயரத்துக்குக் குறைவாகத்தான் பரப்பியிருக்கும். அடியில் பொன்னிறமாய்ப் பிடித்த தகடு, அதற்குச் சொக்கராட் என்று பெயர். நம் காந்தல்தான். நம் வீட்டில் காந்தல் விழுந்தால் சமைத்தவருக்குத் திட்டு, அங்கே அது விழாவிட்டால் திட்டு. கரண்டியால் சுரண்டி எடுத்துச் சாப்பிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பிட்டபின் கரையோரம் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். சூரியன் இறங்குகிற நேரத்துப் படகு நன்றாக இருக்கும், திரும்பும் பேருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சனி: இல்லாத ஆறு

வரைபடத்தில் வலென்சியாவைச் சுற்றிப் பச்சையாய் ஒரு ஆறு வளைந்து போகும். நேரில் போனால் பாலங்கள் இருக்கும், அடியில் தண்ணீர் இருக்காது. 1957 அக்டோபர் 14-ஆம் தேதி தூரியா ஊருக்குள் புகுந்தது, 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போட அரசு நினைத்தது. ‘ஆற்றுப் படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்’ என்று ஊர் மக்கள் எழுந்தார்கள். சுமார் 9 கிலோமீட்டர் தோட்டம் அப்படிக் கிடைத்தது. 2024 வெள்ளத்தில் அந்தப் புதுக் கால்வாய் நகரின் மையத்தைக் காத்தது. தண்ணீர் ஏறியது தெற்கே பைபோர்த்தா, கத்தர்ரோஹா போன்ற ஊர்களில்.

காலையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, செர்ரானோஸ் கோட்டை வாயிலிலிருந்து கிழக்கே இறங்கி விடுங்கள். மேடு பள்ளமே கிடையாது. குழந்தைகள் இருந்தால் வழியில் கலிவர் பொம்மை: மண்ணில் கட்டிப்போட்ட ராட்சதன், அவன் முடியும் சட்டையும் சறுக்குமரம். கட்டணமில்லை. அங்கிருந்து குழந்தைகளைக் கிளப்புவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படுகையின் கடல் பக்க முனையில் கலை அறிவியல் நகரம், அருங்காட்சியகமும் மீன்காட்சியகமும் சேர்ந்த நவீன வளாகம். கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா இந்த ஊர்க்காரர், பெரும்பாலான கட்டடங்கள் அவருடையவை. ஓசியானோகிராஃபிக் மீன்காட்சியகம் மட்டும் ஃபெலிக்ஸ் காந்தேலா வரைந்தது. எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். வெளியே நடந்து பார்ப்பது இலவசம், என் கணக்கில் அதுவே பாதிக்கு மேல். குழந்தைகளோடு போனால் மீன்காட்சியகம் மட்டும் போதும், இணையத்தில் முன்பதிவு செய்து அரைநாள் ஒதுக்குங்கள். அறிவியல் அருங்காட்சியகம் கட்டடமாக அருமை, உள்ளே சுமார். நடு மதியத்தில் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும். விளக்கு போடும் நேரத்தில் திரும்ப வாருங்கள், ஆழமில்லாத குளங்களில் கட்டடம் தலைகீழாய் மிதக்கும்.

மதியம் மூன்றுக்குள் சந்தைப் பக்கம் ஒரு நடை போய், வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். ஞாயிறு சந்தை திறந்திருக்காது.

ஞாயிறு: கடல்

டிராமில் கபன்யால். மீனவர் குடியிருப்பு, குறுகலான நேர்த் தெருக்கள், வீட்டு முகப்பெல்லாம் பச்சை, நீல ஓடு பதித்தவை. இதன் நடுவே பெரிய சாலையை வெட்டிக் கடல்வரை கொண்டுபோக நகராட்சி திட்டம் போட்டிருந்தது. குடியிருந்தவர்கள் பல வருஷம் போராடித் தடுத்தார்கள். இன்றைக்கும் சில வீடுகள் இடிந்து கிடக்கும், பக்கத்து வீடு புதுப் பெயின்டில் பளபளக்கும்.

இரண்டு தெரு தாண்டினால் மல்வரோசா கடற்கரை. இந்த ஊரில் 1863-இல் பிறந்த ஹோவாகின் சொரோயா, மாடுகள் பாய்மரப் படகை இழுத்துக் கரையேற்றுவதையும் ஈரமணலில் பிள்ளைகள் ஓடுவதையும் வரைந்த கடற்கரை இதுதான். இப்போது மாடு இல்லை, வெயிலின் வெள்ளை மட்டும் அப்படியே இருக்கிறது. குளிக்கப் போகும்போது போனையும் பையையும் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், திருட்டு உண்டு.

சனிக்கிழமை நாங்கள் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பயேயா சட்டி வாங்கினோம், எத்தனை பேருக்கு என்று அதன்மேலேயே போட்டிருக்கும். பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள், கையில் தூக்காதீர்கள். விலை குறைந்த மெருகு எஃகுச் சட்டி கழுவியதும் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சைகையிலேயே வெகுநேரம் விளக்கினார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார். “தோசைக்கல்லுதானே, எனக்குத் தெரியாதா. பணத்தைக் குடு.”